"ஆறு மாசத்துக்கு என்னைத் தவிர யார்கிட்டயும் வீடு பார்க்கக் கூடாது" என்கிறார் புரோக்கர். கையெழுத்துப் போடலாமா? (தர்மபுரி)

பென்னாகரம்ரோட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தர்மபுரி. ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் விடியற்காலை பஸ் பிடித்துவிடுவார். அதனால் வீடு பார்க்க எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

நான்கு மாதமாகத் தேடுகிறோம். இடம் வாங்கி, கொத்தனாரோடு மல்லுக்கட்டிக் கட்டுகிற தெம்பு எங்களுக்கு இல்லை. கட்டின வீடு போதும். இலக்கியம்பட்டி, பாரதிபுரம், பிடமனேரி பக்கம், ரெண்டே முக்கால் சென்ட்டில் ரெண்டு பெட்ரூம், 42 லட்சத்துக்குள் வர வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, ஒகேனக்கல் தண்ணீர் லைன் இருக்கிறதா என்பதுதான். எங்கள் மாவட்டத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பெரியண்ணன் சிரித்தால் அவர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று பல்லே சொல்லிவிடும். என் பையனுக்கு அது வேண்டாம்.

எங்களுக்கு வீடு காட்டுகிறவருக்கு அறுபது வயது இருக்கும். பழைய எக்ஸ்எல் வண்டி. இதுவரை ஏழு வீடு காட்டியிருக்கிறார். குறை சொல்ல மாட்டேன், நல்ல மனுஷர்தான். ஒரு வீட்டில் சுவரில் ஓதம் ஏறியிருந்ததைக் கையை வைத்துப் பார்த்து, "இது வேணாம்மா, அடுத்த மழைக்கே பெயிண்ட் உரியும்" என்று அவராகவே சொன்னார். விற்க நினைக்கிற புரோக்கர் அப்படிச் சொல்வாரா?

போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பத்திரத்தாளோடு வந்தார். பெங்களூரில் இருக்கும் அவர் பையன் டைப் அடித்துக் கொடுத்தானாம். "இப்பல்லாம் எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா. அமெரிக்காவுல இது சட்டமே" என்றார். போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பதைச் சொல்கிறேன்.

இன்று முதல் ஆறு மாதம் அவர் மூலமாக மட்டும்தான் வீடு வாங்க வேண்டும். அதற்குள் வேறு யார் மூலமாக வாங்கினாலும், நேரடியாக வாங்கினாலும், சொந்தக்காரரிடமே வாங்கினாலும் கிரயத் தொகையில் 2 சதவீதம் அவருக்குத் தர வேண்டும். முன்பணம் பத்தாயிரம், திருப்பித் தரமாட்டார். ஆறு மாதம் முடிவதற்குப் பதினைந்து நாள் முன்பே நாங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக இன்னொரு ஆறு மாதம் நீளும். கடைசியாக இருப்பதுதான் எனக்குச் சுருக்கென்றது: என் பெயரில் வாங்காமல் "குடும்பத்தார் எவர் பெயரில் வாங்கினாலும்" இதே கமிஷன் உண்டு.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் லேபைக் கூட்டிப் பெருக்க வரும் அக்கா போன வாரம் ஒரு வீடு சொன்னார். அவர் தெருவிலேயே. வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஆனவர், மகனோடு கோயம்புத்தூர் போகப் போகிறார். புரோக்கர் யாரும் இல்லை. 39 லட்சம் சொல்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த வீட்டை வாங்கினால், அந்தத் தெருப்பக்கமே வராத மனுஷருக்கு 78,000 ரூபாய். போடாவிட்டால் "இனிமே நான் அலைய முடியாதும்மா" என்று கையைக் கழுவிவிடுவார் போலிருக்கிறது.

மாமனார் "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் போ" என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

போடாதீங்க. அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணத்தான்:

மேலே ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் நானும் புரோக்கர்தான். கிருஷ்ணகிரியில் பதினாலு வருஷம்.

தங்கச்சி, அந்தப் பெரியவர் ஏன் பத்திரத்தாளோடு வந்தார் என்று நான் சொல்கிறேன். ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. ஒரு பார்ட்டிக்கு நாலு தடவை காட்டினேன். முதலில் புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அப்புறம் மச்சான், அதற்கப்புறம் வாஸ்து பார்க்கிறவர், கடைசியாக மாமியார். என் பெட்ரோல், என் டீ, என் ஞாயிற்றுக்கிழமை. கடைசியில் "சமையல்கட்டு சின்னதா இருக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டார்கள். சரி, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து அந்த வழியாகப் போகிறேன், அந்த வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. கிரகப்பிரவேசம். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார் அதே மச்சான்! என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "வாங்கண்ணா, சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். நானும் உள்ளே போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த கமிஷன் அந்தக் கேசரிதான்.

வீட்டைப் பார்ப்பது எங்களோடு, பேசி முடிப்பது ஓனரோடு. இது வருஷத்துக்கு ரெண்டு மூன்று முறையாவது எனக்கு நடக்கும். வாய் வார்த்தைக்கு என்ன சாட்சி? அதனால்தான் எழுதி வாங்கத் தோன்றுகிறது.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் இருப்பது ரொம்ப அதிகம். திருப்பித் தராத முன்பணம் என்று எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் யாரும் வாங்குவதில்லை. நான் காட்டாத வீட்டுக்கு நான் கமிஷன் கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். வாங்குகிறவரிடம் 1, விற்கிறவரிடம் 1 என்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். சில பேர் 2 கேட்பார்கள், பேசினால் இறங்குவார்கள். 42 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 84,000. ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரம்பார்ப்பவன்:

கோர்ட்டுப் பக்கம் வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடுமுன் உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் அந்தத் தாளை ஒரு முறை காட்டிவிடுங்கள். நூறு பக்கம் இல்லை, ஒரே பக்கம்தானே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது கிரய ஒப்பந்தம் அல்ல. கிரய ஒப்பந்தம் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே போடுவது, அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். புரோக்கர் கொண்டுவந்திருப்பது உங்களுக்கும் அவருக்கும் நடுவே முகவர் ஒப்பந்தம். அதற்கு 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் பொருந்தும். "ஒரு கையெழுத்துதானே" என்று உங்கள் மாமனார் சொல்வது சரியில்லை. பதியாவிட்டாலும் அது ஒப்பந்தம்தான்.

அந்தச் சட்டத்தின் 219ஆம் பிரிவுப்படி, தனியாக வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரையில், வேலை முடிந்த பிறகுதான் முகவருக்குக் கூலி. அதாவது எதுவும் எழுதாமல் விட்டாலே சட்டம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. "யார் மூலம் வாங்கினாலும் 2 சதவீதம்" என்று கையெழுத்துப் போடும்போது அந்தச் சாதகத்தை நீங்களாகவே விட்டுக்கொடுக்கிறீர்கள். 205ஆம் பிரிவும் இருக்கிறது. இத்தனை மாதம் என்று காலம் குறித்துவிட்டு, தக்க காரணமில்லாமல் நடுவில் நிறுத்தினால் முகவர் இழப்பீடு கேட்கலாம். அதற்காக எழுதியிருக்கிற தொகை முழுவதும் அப்படியே கிடைத்துவிடாது. 74ஆம் பிரிவுப்படி கோர்ட் நியாயமான இழப்பீடுதான் தரும், எழுதின தொகை அதற்கு உச்சவரம்பு. ஆனால் 78,000 ரூபாய்க்காகக் கோர்ட்டு வாசலில் எத்தனை வாய்தா நிற்பீர்கள்? போடுவதற்கு முன்னால் யோசிப்பது மலிவு.

தானாக நீளும் என்கிற வரியை அடித்துவிடுங்கள். குடும்பத்தார் என்கிற வரியில் அவருடைய பயம் புரிகிறது (மேலே மச்சான் கதை), ஆனால் "அவர் காட்டிய வீட்டைக் குடும்பத்தார் பெயரில் வாங்கினால்" என்று குறுக்கிவிட்டால் போதும்.

ரெரா (ரியல் எஸ்டேட் விற்பனையை முறைப்படுத்துகிற சட்டம்) பற்றி யாராவது கேட்பார்கள், நானே சொல்லிவிடுகிறேன். 2016ஆம் வருஷச் சட்டம், 9ஆம் பிரிவு. ரெராவில் பதிந்த மனைப்பிரிவிலோ அடுக்குமாடித் திட்டத்திலோ விற்றுத் தருகிற முகவர் தானும் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை அபராதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை போகும். ஆனால் நீங்கள் பார்ப்பது தனி வீடு, மறுவிற்பனை. அந்தச் சட்டம் இங்கே உங்கள் புரோக்கரைத் தொடாது. நாளைக்கு லேஅவுட் மனை காட்டினால் அப்போது அவரிடம் ரெரா நம்பர் கேளுங்கள்.

இன்னொன்று. பட்ஜெட் 42 என்றால் கையில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 42 லட்சத்துக்கு 3,78,000. வங்கி இதையும் கமிஷனையும் கடனில் சேர்க்காது. பெண்கள் பெயரில் வாங்கினால் 1 சதவீதம் குறைவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான்.

டாலஸ்வாசி:

சொந்த ஊர் பாலக்கோடு, இப்போது டெக்சாஸ். "அமெரிக்காவுல இது சட்டமே" என்று உங்கள் புரோக்கர் சொன்னதைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பாதி சரி, பாதி அவர் வசதிக்கு.

இங்கே வீடு விற்றால் மொத்தமாக 5, 6 சதவீதம் கமிஷன் விற்கிறவர் தலையில் விழும், அதை ரெண்டு பக்கத்து ஏஜென்ட்டும் பிரித்துக்கொள்வார்கள் என்பதுதான் பல காலமாக வழக்கம். இதன் மேல் வழக்குப் போட்டு, 2024 மார்ச்சில் இங்குள்ள ரியல்டர்கள் (வீட்டு ஏஜென்ட்டுகள்) சங்கம் 418 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. அந்தச் சமரசத்தில் வந்த விதிதான் இவர் சொல்வது. 2024 ஆகஸ்ட் 17 முதல், சங்கத்தின் விற்பனைப் பட்டியலைப் பயன்படுத்துகிற ஏஜென்ட், வாங்குகிறவருக்கு வீடு காட்டுமுன் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும்.

ஆனால் அந்த விதி வந்ததே வாங்குகிறவருக்குத் தெளிவு வேண்டும் என்றுதான். ஏஜென்ட்டுக்கு எவ்வளவு என்று அதில் திட்டமாக எழுத வேண்டும், "விற்கிறவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவு" என்று தொகை சொல்லாமல் விடக் கூடாது. எழுதியதற்கு மேல் அவர் எந்தப் பக்கத்திலிருந்தும் வாங்கக் கூடாது. கமிஷன் பேசித் தீர்மானிக்கக் கூடியது என்பதையும் அதிலேயே சொல்லியிருக்க வேண்டும். "என்னோடு மட்டும்தான்" என்று பூட்டு போட வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. நான் வீடு வாங்கியபோது முதல் ஏஜென்ட்டோடு ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் எழுதிக்கொண்டேன். பார்த்தேன், பிடிக்கவில்லை, அத்தோடு முடிந்தது. ரெண்டாவது ஏஜென்ட்டைப் பிடித்துப்போய் அவரோடு மூன்று மாதத்துக்குப் பூட்டிக்கொண்டேன்.

அக்கா, அவரிடம் ஒன்று கேளுங்கள். ஆறு மாதம் உங்களைப் பூட்டி வைக்கிறாரே, அந்த ஆறு மாதமும் அவர் உங்கள் ஆளா? விலை பேசும்போது உங்கள் பக்கம் உட்காருவாரா? விற்கிறவரிடமும் 1 சதவீதம் வாங்கிக்கொள்வார் என்றால் யாருக்காகப் பேசுவார்?

ஓசூர்_பாகலூர்ரோடு:

டாலஸ் அண்ணன் கேட்ட கேள்விக்கு என் கையில் ஒரு பதில் இருக்கிறது, நான் பணம் கட்டிக் கற்றது.

இங்கே ஓசூரில் ஒரு புரோக்கர் என்னையும் இப்படித்தான் "வேற யார்கிட்டயும் போகாதீங்க சார்" என்று கட்டிவைத்தார். எழுத்தில் இல்லை, வாயால்தான். ஓனரை என்னிடம் பேசவே விடமாட்டார். "அவருக்குக் கோபம் வரும் சார், விலைப் பேச்ச நான் பாத்துக்கறேன்." 51 லட்சத்துக்கு முடிந்தது. அட்வான்ஸ் கொடுத்து, பத்திரமும் ஆகி, குடிவந்து ரெண்டு மாதம் கழித்து ஓனர் மிச்சமிருந்த சாமானை எடுக்க வந்தார். டீ குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் "48க்கு அந்த நேரத்துல நல்ல விலைதான்" என்றார். எனக்குக் கையில் இருந்த டம்ளர் சுட்டது தெரியவில்லை. புரோக்கர் மூன்று லட்சம் மேலே வைத்து எடுத்திருக்கிறார், அதற்கு மேல் என்னிடம் கமிஷன் வேறு. அட்வான்ஸ் அவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தது என் முட்டாள்தனம்.

அதனால் எழுதுவது எழுதுங்கள், ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: விற்கிறவர் எதிரிலேயே விலை பேசப்படும், விற்கிறவரிடம் இவர் என்ன வாங்குகிறார் என்பதை எங்களுக்குச் சொல்லிவிட வேண்டும், எங்கள் பணம் எதுவும் இவர் கை வழியாகப் போகாது.

50 லட்சமும் அதற்கு மேலும் போனால் விற்கிறவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரி) பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். 42க்கு அந்தத் தொல்லை இல்லை.

பென்னாகரம்ரோட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. காவேரிப்பட்டணத்து அண்ணா, உங்கள் கேசரிக் கதையை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் "நாமளும் அந்த மாதிரி பண்ணிருப்போமோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் நாலாவது வீட்டு ஓனரின் நம்பரைக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸிலிருந்து நான் குறித்து வைத்திருந்தேன்! அழித்துவிட்டேன்.

பத்திரம்பார்ப்பவர் ஐயாவுக்கு: ஆமாம், அந்த 9 சதவீதத்தை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. இப்போது பட்ஜெட் 39 ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்று வந்து எழுதுகிறேன்.

பென்னாகரம்ரோட்டுக்காரி (பதினோரு நாள் கழித்து):

சொன்னபடி வந்துவிட்டேன்.

பெரியவர் வந்தார், காபி கொடுத்தேன். பத்திரத்தாளில் கையெழுத்துப் போட முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முகம் சுண்டிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்க காட்டின வீட்டை உங்களை விட்டுட்டு வாங்கமாட்டோம், அதை எழுதித் தர்றேன்" என்றேன். உட்கார்ந்தார்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட சின்ன டைரி ஒன்றை எடுத்தார். அதில் நாங்கள் பார்த்த ஏழு வீடும் தேதி போட்டு இருக்கிறது. தெரு, ஓனர் சொன்ன விலை, பக்கத்தில் சின்னதாகக் குறிப்பு. அந்த ஓதம் ஏறின வீட்டுக்கு எதிரே "வேண்டாம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். மனுஷர் மேல் இருந்த பாதிச் சந்தேகம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

பையனின் ரஃப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினோம். ஏழு வீட்டின் விவரம். இவற்றில் எதையாவது நாங்களோ எங்கள் குடும்பத்தாரோ ஆறு மாதத்துக்குள் வாங்கினால் 1 சதவீதம், பத்திரம் பதிகிற அன்று. இனி காட்டுகிற ஒவ்வொரு வீடும் இதன் கீழே தேதியோடு சேரும், ரெண்டு பேரும் சுருக்கொப்பம் போடுவோம். பட்டியலில் இல்லாத வீட்டுக்குக் கமிஷன் இல்லை. முன்பணம் இல்லை. விலைப் பேச்சு ஓனர் எதிரில். விற்கிறவரிடம் அவர் வாங்குவதைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் சொன்னதற்கு மட்டும் கொஞ்சம் நெளிந்தார். "அதெல்லாம் தொழில் ரகசியம்மா" என்றார். வீட்டுக்காரர் பேசாமல் ஓசூர் அண்ணனின் 48 லட்சக் கதையைப் போனில் எடுத்து அவரிடம் நீட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தள்ளிப் பிடித்து, முழுவதையும் படித்தார். "இந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்குப் பேர் கெட்டுப்போகுது" என்று சொல்லிவிட்டு, தானே பேனாவை வாங்கி அந்த வரியை எழுதினார்.

வக்கீலிடம் தாளைக் காட்டினேன். நடுவில் எதையும் நுழைக்க முடியாதபடி பட்டியலின் கடைசி வீட்டுக்குக் கீழே ஒட்டி ஒரு கோடு போடச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தப் பெருக்க வரும் அக்கா சொன்ன வீட்டுக்கு 30 வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். 2011இல் ஒரு வங்கிக்கு எழுதிக் கொடுத்த அடமானம் அப்படியே நிற்கிறது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்கிறார் வீட்டுக்காரர், ஆனால் கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் பதியவில்லை. அவர் வங்கிக்கு அலைந்துகொண்டிருக்கிறார். தீர்ந்தால் பார்ப்போம்.

பெரியவர் எட்டாவது வீடு ஒன்று சொல்லியிருக்கிறார், பிடமனேரி ஏரிப் பக்கம். அந்தத் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள் விடியற்காலையில் வருமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் முறை. ஆறு மணிக்கே வருகிறோம், குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவோம் என்று சொல்லியிருக்கிறேன்.